ஸ்டெல்லா அக்கா கையெழுத்திட்ட வண்டிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஷோரூமைத் திறந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டா சார். நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." அன்று டெலிவரிக்கு நின்ற மூன்று வண்டிகளையும் தள்ளிப்போட்டோம். எடுக்க வந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி ஸ்டெல்லா மேரி, சேலத்தில் லட்சக்கணக்கில் விலை போகும் பைக்குகளை விற்கும் எங்கள் ஷோரூமில் ஒன்பது வருடம் டெலிவரி இன்ஸ்பெக்டராக இருந்தவர். அதற்கு முன் நாமக்கல் லாரிப் பட்டறை ஒன்றில் பிரேக் வேலை பார்த்தார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

நான் விற்பனை மேலாளர். வாய்தான் என் பிழைப்பு. டேங்கைத் தட்டிக் காட்டி அளந்துகொண்டிருப்பேன். அக்கா பின்னாலேயே வந்து சீட்டைக் கழற்றிவிடுவார். "வெளிய பளபளன்னு யாரு வேணாலும் செய்யலாங்க. கண்ணுல படாத எடத்துல எப்படிச் செஞ்சிருக்கான்னு பாருங்க" என்று வயர் போகும் வழியையும் வெல்டிங் ஓரத்தையும் விரல் வைத்துக் காட்டுவார். நான் விற்கத் துடித்த ஒரு மாடலை, மழையில் நனைந்தால் சுவிட்ச் மக்கர் பண்ணும் என்று வாங்க வந்தவரிடமே போட்டு உடைத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த மனிதர் வேறொரு வண்டியை எடுத்தார். அடுத்த மாதம் மைத்துனரையும் கூட்டி வந்தார்.

அக்கா சேர்ந்த இரண்டாம் வருடம், செவ்வாய்ப்பேட்டை மளிகை வியாபாரி ஒருவர் மாலையும் தேங்காயுமாகக் குடும்பத்தோடு வந்து நின்றார். ஹேண்டிலைத் திருப்பும்போது ஒரு வயர் வண்டிச் சட்டத்தில் உரசுகிறது என்று அக்கா சாவியைத் தர மறுத்துவிட்டார். நல்ல நேரம் போகிறதே என்று நான் கத்தினேன். "நல்ல நேரம் பாத்தா வயரு தேயாம இருக்குமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அடுத்த நல்ல நேரம் வரை வியாபாரி காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. ராசிபுரம் நெய் வியாபாரி ஒருவர் எங்களிடமிருந்த மிக விலையுயர்ந்த வண்டியை எடுத்தார். அக்கா பார்த்துக் கையெழுத்திட்டு உள்ளே போனார். பிறகு பூசை நடந்தது. வியாபாரியின் அம்மா ஆஞ்சநேயர் கோயில் செந்தூரத்தைத் தங்கள் கடை நெய்யில் குழைத்துக் கொண்டுவந்து, வண்டிக்குப் பொட்டு வைத்தார். முன்சக்கரத்தில் வட்டமாக மின்னும் பிரேக் டிஸ்க்கிலும் நாலைந்து பொட்டு தாராளமாக விழுந்தது. பிரேக் கட்டை பிடிக்க வேண்டிய இடமே அதுதான்.

அவர் ஏற்காடு போகக் கிளம்பி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் வேகத்தடைக்கு முன் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. நல்லவேளை, ஓரத்தில் மணல் குவியல் இருந்தது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

மறுநாள் அம்மாவோடு வந்து, இவ்வளவு விலைக்கு இப்படி ஒரு பிரேக்கா, எவர் பார்த்துக் கொடுத்தது என்று முதலாளி முன்னால் குதித்தார். அக்கா பிரேக் கட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். நெய் வாசம் எங்களுக்கே வந்தது. அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, நீங்க மனசு ஒடையாதீங்க. சாமிக்கு வெக்கறவங்களுக்கு டிஸ்க்கு எது, எஞ்சின் எதுன்னு எப்படித் தெரியும்?" என்ற அக்கா, முதலாளி பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் போட்டவ நானுங்க. பூசைக்கு அப்புறம் ஒருதரம் பாத்திருக்கோணும். தப்பு என்னுது."

முதலாளி ஆய்வு நோட்டில், அந்த வண்டிக்கு நேரே, 'ஆய்வாளர் கவனக்குறைவு' என்று எழுதினார். அக்காவை ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார வைத்தார். பிரேக்கே உயிராக இருந்தவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

ஆனால் அந்த அம்மா பொட்டு வைக்க இடம் தேடியபோது டிஸ்க்கைக் காட்டியவன் நான். போட்டோவில் பளிச்சென்று விழும் என்று நான்தான் சொன்னேன். அன்று முதலாளி முன்னால் கல்லு மாதிரி நின்றேன்.

ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்து, கவுண்டருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"தெரியுங்க சார். போட்டோவுல உங்க வெரலு இருக்குது" என்றார், பில்லில் இருந்து தலை தூக்காமல்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நான் பாக்காம உட்டது இல்லைன்னு ஆயிருமா?"

முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

இரண்டு மாதம் கழித்து அதே ராசிபுரத்துக்காரர் தம்பிக்கு வண்டி எடுக்க வந்தார். "அந்த ஸ்டெல்லாம்மா பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தானுங்க எடுப்பேன்" என்று அழுத்தமாக நின்றார். அக்கா பழைய இடத்துக்கு வந்தார். அன்று முதல் கடைசிப் பரிசோதனை பூசைக்குப் பிறகுதான். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகும் அந்தப் பெண்மணியிடம், எங்கே வைக்கலாம் என்று கேட்டு, சந்தனக் கிண்ணத்தையே குடும்பங்கள் நீட்டின. ஹெட்லைட்டில் அவரே முதல் பொட்டை வைத்துக்கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும், கூடவே கொஞ்சம் குத்தும்.

அடக்கத்தன்று தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை அவர் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பிய பைக்குகள் வரிசையாக, ஹாரன் அடிக்காமல் வந்தன. நடைவேகத்தில் அவ்வளவு தூரம் போனால் எஞ்சின் சூடேறித் திணறும். ஒன்றுகூட நிற்கவில்லை. இப்படி ஒருவரோடு ஒன்பது வருடம் வேலை பார்த்தேன் என்று பேரன் காலம் வரை பெருமை பேசுவேன்.

நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பழைய ஆய்வு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். 'ஆய்வாளர்' என்ற சொல்லை அடித்து, 'விற்பனை மேலாளர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அக்கா, உங்கள் நோட்டில் இப்போது ஒரு குறையும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.