பல்லிச் சத்தம் என்று நினைத்தேன்

தண்ணீர்மலை முருகனை நம்பி வாழும் எல்லாருக்கும் வணக்கம். நான் பவானி, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கிறேன். போன வருடம் தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில், என் கணவரின் குரல் இரண்டாவது தடவையாக எங்களை விட்டுப் போகப் பார்த்தது. அன்று நான் பட்ட தவிப்பை எந்த எதிரியும் படக்கூடாது.

முதல் தடவை குரலைக் கொண்டுபோனது தொண்டைப் புற்றுநோய். என் கணவர் சந்திரன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், வாய் ஓயாத மனிதர். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால், சொந்தக் குரலில் பேச வேண்டியதையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா. எங்கள் மகன் கதிர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டிக் கொடுத்தான். இவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். "பவானி, தேத்தண்ணி குடு." "இன்னைக்கு கறியில உப்பு இல்ல." "கதிரு, காடிய மெதுவா ஓட்டு." எனக்குக் கோபம் வந்தால் சமாதானம் செய்யவும் ஒன்று வைத்திருந்தார்; அதை இங்கே எழுத முடியாது.

கதிர் அவற்றைத் திரையில் கட்டம் கட்டமாக அமைத்துக் கொடுத்தான். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு அதுதான் வாய். கட்டத்தை அழுத்தினால் பழைய சந்திரன் பேசுவார். பேச்சுப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோதுகூட இவர் போகவில்லை. "அதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். கதிர் வேலைக்காக ஜொகூருக்குப் போனான். அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் போனிலும் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான்.

பிறகு கம்ப்யூட்டர் திறக்க நேரம் எடுத்தது. வெயில் சூடு என்று நினைத்து அதன் பக்கத்தில் காற்றாடியை வைத்தேன். அழுத்தினால் குரல் தாமதமாக வந்தது. ஒரு நாள் "பவானி, தேத்..." என்று பாதியில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் மேசைப் பக்கமிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். பல்லிதான் என்று நினைத்தேன். கதிர் கல்யாணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும்போது அது கேட்டதால், நல்ல சகுனம் என்று விரலால் மேசையைத் தட்டிக்கொண்டேன். உள்ளே ஒரு பொருள் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர் கட்டத்தை அழுத்த, திரை அப்படியே உறைந்தது. பிறகு கறுத்தது. தானாகவே மறுபடி திறந்து, ஹார்ட் டிஸ்க் வட்டில் பழுது இருக்கிறது, சோதித்துச் சரிசெய்கிறேன் என்று காட்டியது. சதவீதம் மெல்ல ஏறி, பன்னிரண்டில் நின்றது. டிக், டிக் சத்தம் இப்போது பெட்டிக்கு உள்ளிருந்து வந்தது.

கதிரைக் கூப்பிட்டேன். "அம்மா, ஒருதடவை சுவிட்ச அடைச்சிட்டுத் தொறந்து பாருங்க" என்றான். உடனே, "வேணாம்மா, பாதியில அடைச்சா எல்லாம் போயிடுமோ தெரியல" என்றான். இவருடைய தம்பி, "ரோசாக் ஆயிக் கெட்டுப்போனா புதுசு வாங்கிக்கலாம்லா அண்ணி" என்றார். புதுசு வாங்கலாம். புதுசுக்குள்ளே இவர் குரல் இருக்குமா?

அடைத்தால் மறுபடி திறக்காமல் போகலாம். அடைக்காவிட்டால் என் கண் முன்னாலேயே தேய்ந்து போகும். இவர் சிலேட்டில் "அடைச்சிடு" என்று எழுதினார், அழித்தார். "வேண்டாம்" என்று எழுதினார், அதையும் அழித்தார். அழுகிறார், அதற்கும் சத்தம் கிடையாது.

சாமிப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "முருகா, முழுசா கேக்கலப்பா. அவரு என் பேரச் சொல்லிக் கூப்பிடறத மட்டும் விட்டு வையி" என்றேன். பிறகு கோயில் அன்னதானப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், பெட்டிக்குள் டிக் டிக் என்று கேட்கிறது, இவர் குரல் போகப் பார்க்கிறது, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். கம்ப்யூட்டருக்குப் போய் வேண்டுதலா என்று சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் இரண்டு தடவை எழுதி அழித்தேன். டிக் சத்தம் கேட்டதும் கூச்சத்தை விட்டு அனுப்பிவிட்டேன்.

நான் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது. கஸ்தூரி. என்னோடு காய்கறி வெட்டும் பெண். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை என்று மட்டும் தெரியும்.

"அக்கா, அந்தச் சத்தம் எப்படிக் கேக்குது? போன அதுகிட்ட வைங்க."

வைத்தேன்.

"அக்கா, பிளக்கப் பிடுங்குங்க. இப்பவே."

"சரி பண்ணிக்கிட்டு இருக்குதும்மா! பாதியில எப்படி..."

"அது சரி பண்ணாதுக்கா. உள்ள ஊசி மாதிரி ஒண்ணு தட்டுமேல எழுதினதப் படிக்கும். அது எடம் தெரியாம முட்டிக்கிட்டு நிக்குது. ஓட ஓட கீறிடும். நான் ஹார்ட் டிஸ்க் டெஸ்ட் பண்ற எடத்துலதான் வேலை செய்யறேன், நம்புங்கக்கா."

இவர் முகத்தைப் பார்த்தேன். இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குனிந்து, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். வீடு அடங்கிப் போனது.

கஸ்தூரி பாலம் தாண்டி வந்து வட்டைக் கழற்றி, ஈரம் படாமல் பொதிந்து எடுத்துக்கொண்டாள். "இனி யாரும் இத மாட்டிப் பாக்கக் கூடாதுக்கா. தூசி இல்லாத ரூம்ல பிரிச்சு எடுக்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட குடுக்கறேன். எவ்வளவு வரும்னு நான் சொல்ல முடியாதுக்கா" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காக அவளை இன்னும் மதிக்கிறேன்.

அதன் பிறகு காத்திருந்த வாரங்கள்தான் கொடுமை. இவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பார். நான் வெள்ளிக்கிழமை மட்டும் மலைப்படி ஏறி, அதே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வருவேன். ஒரு காலையில் இவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். சிலேட்டில், "பேச்சு வகுப்பு. கூட வர்றியா?" குரல்வளை இல்லாதவர்கள் காற்றை விழுங்கி, அதை ஏப்பம் போல வெளியே தள்ளிப் பேசப் பழகலாமாம். கம்ப்யூட்டர் இருந்த வரைக்கும் இவர் அந்தப் பக்கமே போகாதவர்.

கஸ்தூரி திரும்பி வந்தாள். பெரும்பாலும் கிடைத்தது. சில வாக்கியங்கள் கரகரவென்று போய்விட்டன. கறியில் உப்பு இல்லை என்பது அடியோடு போய்விட்டது, அதற்கு நான் வருத்தப்படவில்லை. என் பேரைக் கூப்பிடும் பதிவு சுத்தமாக இருந்தது. அதைப் போட்டதும் நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். இப்போது அவை என் போனில், கதிர் வீட்டில், கஸ்தூரி கொடுத்த தனி வட்டில் என்று மூன்று இடத்தில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பெட்டி மெதுவானால், பாதியில் உறைந்தால், உள்ளே தட்டினால், சகுனம் பார்க்காதீர்கள். ஓடும்போதே வேண்டியதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். தட்ட ஆரம்பித்துவிட்டால் அடைத்துவிட்டுத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள், மனிதரிடமும் சரி, அவனிடமும் சரி. சின்ன விஷயம் என்று அவன் தள்ளுவதில்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இவர் பதிவு செய்ததில் எங்கள் எல்லார் பேரும் இருக்கிறது. சாமி பேர் மட்டும் இல்லை. அப்போது யாருக்கும் தோன்றவில்லை. போன மாதம் சன்னதியில் தீபாராதனை காட்டும்போது, என் பக்கத்திலிருந்து கட்டையான, உடைந்த ஒரு சத்தம் வந்தது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, காற்றை விழுங்கி, இன்னொரு தடவை சொன்னார்.

"முருகா."