அவன் தம்பிமார் பதினொரு பேர்

பாரிஸ் லா ஷப்பேலில் ஒரு கலியாணம் பேச்சில் இருந்தால் அது எனக்கு முதலே தெரிந்துவிடும். பலசரக்குக் கடையில் நிற்பவனுக்கு எல்லாக் குடும்பத்தின் அடியும் நுனியும் தெரியும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ, ஓல்னேயிலிருந்தும் திரான்சியிலிருந்தும் ரயிலேறி வந்து, கூடைக்குள் நாலு கத்தரிக்காயைப் போட்டுவிட்டு மெல்லக் கேட்பார்கள். "அண்ணை, அந்தக் குடும்பம் எப்பிடி?"

"நல்ல சனம்" என்பேன். எத்தனையோ வருசமாக எல்லாருக்கும் அதே பதில்தான். குடிகாரனுக்கும் சொல்லியிருக்கிறேன், மாமியாரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிவிட்டவளுக்கும் சொல்லியிருக்கிறேன். எனக்கென்ன போயிற்று? போன சித்திரையில் ஒருவனைப் பற்றி மட்டும் வாய் திறந்தேன். அதற்காக ஒரு துளியும் வருந்தவில்லை.

அவன் ஓர் ஏஜென்சிக்காரன், காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பினவன். இப்போது கோயில் கமிட்டியில் முன்வரிசை. ஒரு காலத்தில் எங்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றுவதாகச் சொல்லி இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோனவன். பதினொரு பேர் போனோம். அதில் ஒருவன் என் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. "கவனமாப் பாருங்கோ" என்று அவள் அவன் கையைப் பிடித்து என் கையில் வைத்துத்தான் அனுப்பினாள்.

சுலாவேசித் தீவில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் எங்களை இறக்கினான். பக்கத்துப் பட்டினத்துக்கு வள்ளத்தில் ஒரு முழுப் பகல் போக வேண்டும். கரையோரம் கால் வைத்த மரவீடுகள். பின்னால் மலை முழுக்கக் கராம்பு மரம். நெல் விளையாத இடம். அரிசி வள்ளத்தில் வரும். அந்த வள்ளம் ஒரு முதலாளியுடையது. பஞ்ச மாதங்களில் அவர் அரிசி கொடுப்பார். மரத்தில் பூ மொட்டு விடும் முன்பே அந்த அரிசிக்கு விளைச்சல் அவருடையதாகிவிடும். விலையும் அவர் சொன்னதுதான். மலையேறிக் கராம்பு பறித்த சனம் ஒருநாளும் அதை ஒரு கறிக்குப் போட்டு நான் பார்க்கவில்லை.

எங்களை ராசா மாதிரி வைத்திருந்தார்கள். பெரிய மீன் எங்களுக்கு, தலையும் வாலும் அவர்களுக்கு. நானும் மச்சானும் இருந்த வீட்டுக்காரியை எல்லாரும் இபு என்பார்கள். இபு என்றால் அம்மா. பாயில் புது விரிப்புப் போட்டுத் தந்தார். ஏஜென்சிக்காரன் சாப்பாட்டுக்குக் காசு கட்டியிருக்கிறான் என்றே நாங்கள் நினைத்தோம். மச்சான் ஒருநாள் சொன்னான், "அத்தான், இவன் பொல்லாத ஆள் இல்லைப் போலை." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது நினைத்தாலும் சுவரில் மோதவேண்டும் போல இருக்கிறது.

அறுவடை முடிந்து, மொட்டெல்லாம் பாயில் கறுத்துக் காய்ந்த பிறகு, அவன் ஊர்க் கராம்பு முழுவதையும் இரண்டு வள்ளங்களில் ஏற்றினான். எங்களைப் பார்த்து, "கப்பல் அலுவலாப் போறன், பத்து நாளிலை வாறன்" என்றான். பத்து நாள் முப்பதானது. அறுபதானது. இபுவின் முகம் மாறத் தொடங்கியது. அதற்குள் எனக்குக் கொஞ்சம் பாஷை பிடிபட்டிருந்தது. என்ன நடந்தது என்று துண்டுதுண்டாகக் கேட்டு விளங்கிக்கொண்டேன்.

இலங்கையில் தான் பெரிய கராம்பு வியாபாரி என்று அவன் ஊருக்குச் சொல்லியிருக்கிறான். முதலாளி தருவதைவிட நல்ல விலை தருவதாகச் சொல்லியிருக்கிறான். எப்படி நம்புவது என்று கேட்டபோது எங்களைக் காட்டியிருக்கிறான். "இவர்கள் என் தம்பிமார். காசோடு திரும்பும் வரைக்கும் உங்களோடு இருக்கட்டும்." கூடப்பிறந்த பதினொரு பேரை எவன் விட்டுவிட்டு ஓடுவான்? அவர்கள் நம்பினார்கள். நாங்கள் விருந்தாளிகள் இல்லை. பிணை. அது எங்களுக்கு மட்டும் தெரியாது.

கராம்பை வேறு ஆளுக்குக் கொடுத்த கோபத்தில் முதலாளி அரிசி வள்ளத்தை நிறுத்திவிட்டார். ஊர் மரவள்ளிக் கிழங்குக்கு இறங்கியது. எங்களை ஒருவரும் அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவித்த கிழங்கை எங்களுக்கும் பங்கு வைத்தார்கள். அவன் எங்கள் அண்ணன் இல்லை என்று நான் இபுவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டு கிழங்கின் தோலை உரிப்பார். நம்பவில்லை என்பது அந்த உரிப்பிலேயே தெரியும்.

அடுத்த பூ வந்தபோது நாங்களும் வேலைக்கு இறங்கினோம். கொத்தை உள்ளங்கையில் வைத்து மறுகையால் முறுக்கினால் மொட்டு வேறு காம்பு வேறாகப் பிரியும். எனக்கு அந்த வேலை. மச்சான் மெலிந்தவன், மரம் ஏறினான். ஒற்றை மூங்கிலில் துளை போட்டுக் கட்டை செருகிய ஏணி. ஒரு காலை, கட்டை ஒன்று கழன்றது. விழுந்தவன் இரண்டு நாள் கிடந்தான். காற்று பலமாக இருந்ததால் வள்ளம் எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் இபுதான் அவனைக் கழுவித் துடைத்தார். தன் மகனுக்குச் செய்வதுபோலச் செய்தார். பிறகு என்னைப் பார்த்து அழுதுகொண்டே கேட்டார், "இதற்காவது உங்கள் அண்ணன் வருவாரா?"

அந்தக் கேள்வி என் நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. பொலிஸ் பிடித்துப் போட்ட முகாம், திரும்பக் கொழும்பு, இன்னொரு ஏஜென்சி, பாரிஸ் என்று எங்கே போயும் அதைப் பிடுங்க முடியவில்லை.

ஒருநாள் கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து வந்த சனத்தோடு அவனும் கடைக்குள் வந்தான். கொழுத்திருந்தான், தலை நரைத்திருந்தது. "தம்பி, கறிவேப்பிலை புதுசோ?" குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்று வருசம் அவனுக்குக் காய்கறி நிறுத்துக் கொடுத்தேன். கடையில் சண்டை வேண்டாம் என்பது கடை முதலாளியின் கட்டளை. இங்கே பாதிப் பேர் அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள். பிள்ளை குட்டியோடு கரையேற்றிவிட்ட புண்ணியவான் என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் முறை வரும் என்று தெரியும்.

வந்தது. ஓல்னேயிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தாய் தகப்பன். ஏஜென்சிக்காரனின் மகளை விசாரித்தார்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, வேலை செய்கிற பிள்ளை. ஒரு பிழையும் இல்லாதவள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கராம்பில் தொடங்கி என் மச்சானின் குழி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். தாய் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தம் அந்தக் கிழமையே முறிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "இப்பதான் சோறு இறங்குது" என்றாள்.

சம்பந்தத்தை முறித்தது யார் என்று விசாரித்துக்கொண்டு அவன் வந்தான். கடையில் ஆள் குறைந்த நேரம். கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டான், "தம்பி, நீர் எந்தப் பயணம்?"

இத்தனை வருசம் நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் அந்தக் கேள்வியில் செத்துப்போனது. எத்தனை பயணம், எத்தனை ஊர், எத்தனை தம்பிமார்!

"கராம்பு" என்றேன்.

"ஓ, அதுவோ. அங்கை நல்ல சனம் எல்லோ. சாப்பாடு தந்தவைதானே?"

மச்சானைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று தலையைக் குனிந்தான். பிறகு, "பிள்ளையிலை பழி வேண்டாம், தம்பி. நான் என்ன செய்யவேணும், சொல்லும்" என்றான்.

அதுவரை அவனை அண்ணை, நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். "நீ அங்கை போ" என்றேன். "போய் அந்த ஊர்ச்சனத்துக்கு முன்னாலை நிண்டு, இவங்கள் என்ரை தம்பிமார் இல்லை, இவங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு. சொல்லிப்போட்டு வா. உன்ரை மகளுக்கு நானே மாப்பிள்ளை பாக்கிறன்."

நானே போயிருக்கலாம்தான். ஆனால் பிணை சொல்வதை யார் நம்புவார்கள்? கள்ளன் வாயால் வந்தால்தான் அது உண்மை.

அவன் கூடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மகளுக்காகப் போவான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. கடைசியாக ஒன்று கேட்டான். "போனால், என்னை உயிரோடை விடுவினமோ?"

எனக்கு அந்தச் சனத்தைத் தெரியும். அவனை இருக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுவார்கள். அதை நான் சொன்னால் போதும், அவன் விமானச் சீட்டு எடுத்துவிடுவான். இபுவும் உண்மையைக் கேட்பார்.

ஆனால் அவன் கண்ணில் முதல்முறையாகப் பயத்தைக் கண்டேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வெட்டிப்போடுவினம்" என்றேன்.

கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவன் அங்கே போகவில்லை, இனிப் போகவும் மாட்டான். இபு இன்னும் உயிரோடு இருந்தால், அவருக்கு நான் இன்றைக்கும் அந்தக் கள்ளனின் தம்பிதான்.