டிபன் டப்பா சோதனை

ஒன்பது வருஷமாக ஹெலன் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். தாலிக்கயிறு என்று நினைத்துவிடாதீர்கள், அடையாள அட்டை தொங்கும் கயிறு. பொம்மசந்திராவில் பவர் பேங்க் செய்யும் அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள், நிரந்தர ஆளுக்கு நீலம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையை வெட்டி, மறுபடி ஒட்டுவார்கள். கேன்டீனில்கூட நீலத்துக்கு ஒரு வரிசை, மஞ்சளுக்கு ஒரு வரிசை. சோறு என்னவோ ஒரே அண்டாவிலிருந்துதான்!

அந்த வரிசையில் நிற்கப் பிடிக்காமல் ஆனேக்கல்லிலிருந்து தினமும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வருவாள். மாறிப்போகாமல் இருக்க மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

போன வருஷம் மார்ச்சில் மேனேஜர் நாகேஷ், லேபில் சோதனை பார்க்கும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவும் சொன்னார். அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஹெலனம்மா, ஃபாஸ்ட் சார்ஜிங் பவர் பேங்க் புதுசா பண்றோம். எந்த சிப் போடறதுன்னு பாக்க மூணு கம்பெனி இவேல்யுவேஷன் போர்டு அனுப்பியிருக்கு. நீங்க டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க. இது மட்டும் நல்லா வரட்டும், அடுத்த ரினியுவல்ல நீலக் கயிறு. பக்கா."

இவேல்யுவேஷன் போர்டு என்பது, எங்கள் சிப்பைப் போட்டால் இப்படித்தான் ஓடும் பாருங்கள் என்று சிப் கம்பெனிக்காரன் காட்டுவதற்காகச் செய்து அனுப்பும் மாதிரி. ஒரு போர்டு பாதி செல்போன்களுக்கு ஃபாஸ்ட் சார்ஜே கொடுக்கவில்லை. அது முதல் நாளே கழிந்தது. மிச்சம் இரண்டு. லேபில் ஏசி காற்றில், மேஜைமேல் திறந்து வைத்து ஓட்டியதில் ஒன்று உள்ளே போன மின்சாரத்தில் தொண்ணூற்றைந்து சதவீதத்தை வெளியே கொடுத்தது, மற்றது தொண்ணூற்றிரண்டு. கம்பெனி ஃபாரத்தில் அதற்கான கட்டங்கள் இருந்தன. எண்களை நிரப்பி, இரண்டுக்கும் "பாஸ்" போட்டு, கையெழுத்தும் போட்டாள்.

ஆனால் அவள் மனசு ஒப்பவில்லை. அந்தத் தொண்ணூற்றைந்து சதவீதப் போர்டு உள்ளங்கைக்கு மேல் அகலம், தடித்த செம்பு, கொழுத்த காயில் என்கிற கம்பிச் சுருள். இவர்களுடைய பவர் பேங்கிலோ விரல் நுழையவும் இடம் கிடையாது. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு இரவல் நகை போட்டு நிறுத்துவார்களே, அந்தக் கதைதான் இது என்று அவளுக்குப் பட்டது. அவளுடைய அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். "மேல நிக்கிறவனுக்குக் கீழ இருக்கிற சூடு தெரியாது" என்பார். அதைச் சொல்லிச் சொல்லியே செத்தார் மனுஷன்.

கொழுத்த காயிலைக் கழற்றிவிட்டு, பவர் பேங்குக்குள் போகக்கூடிய ஒல்லிக் காயிலைப் பற்றவைத்தாள். மூடி வைத்துப் பார்க்க லேபில் பெட்டி ஏது? டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு ஒயரை விட்டு, போர்டை உள்ளே வைத்து மூடினாள். இருபத்திரண்டாவது நிமிஷம் சூடு நூறு டிகிரியைத் தாண்டி, போர்டு தானே அணைந்தது. டப்பாவின் அடியில் பழுப்பாக ஒரு கறை. இரண்டாவது, அந்தத் தொண்ணூற்றிரண்டு சதவீதப் போர்டு, சின்னது, அதில் முதலிலிருந்தே ஒல்லிக் காயில். அது ஒரு மணி நேரம் அறுபத்தெட்டிலேயே நின்றது. அதைத் தனித் தாளில் எழுதி, "இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்" என்று அடிக்கோடிட்டு ஃபாரத்தோடு பின் அடித்துக் கொடுத்தாள்.

மீட்டிங்கில் நாகேஷ் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "அய்யய்யோ, இதேனம்மா, ஊட்டத டப்பா ரிப்போர்ட்டா? சோத்து டப்பால சாம்பார் எத்தனை டிகிரி?" என்று கேட்டார். அறையே சிரித்தது. இன்ஜினியர் ரக்ஷிதா, வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், அவளும் குனிந்துகொண்டு சிரித்தாள். தொண்ணூற்றைந்து சதவீதப் போர்டே தேர்வானது. ஹெலனுக்குக் காதெல்லாம் எரிந்தது. நீலக் கயிற்றை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனத்துக்காக இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

ஜூனில் ஐம்பது பவர் பேங்க் தயாராகி, வாங்கப்போகிறவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். இருபது நிமிஷத்தில் அத்தனையும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆர்டர் கைநழுவியது. மேலிடத்திலிருந்து ஆள் வந்து, யார் சோதித்தது என்று கேட்டார்கள். நாகேஷ் ஃபாரத்தை நீட்டினார்.

"பாஸ்னு கையெழுத்து உங்களோடதுதானே, ஹெலனம்மா?"

"கூட ஒரு தாள் குடுத்தேனே சார். மூடி வெச்சா நிக்காதுன்னு எழுதியிருந்தேனே!"

"அது ஃபார்மட்ல இல்லியே. ஃபைல்ல ஃபாரம் மட்டும்தான் இருக்கு."

ஹெலன் ரக்ஷிதாவைப் பார்த்தாள். ரக்ஷிதா லேப்டாப்பைப் பார்த்தாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அன்றைக்கு அந்த ஆண்டி ஹெலன்தான். ஆகஸ்டோடு காண்ட்ராக்ட் முடிகிறது, இனி ரினியுவல் கிடையாது என்று கடிதம் வந்தது.

கடைசி நாள், சோதனைக்குப் பிறகு லேபிலேயே கிடந்த தன் டப்பாவை எடுத்துப்போக லேபுக்குப் போனாள். மேஜைமேல் இரண்டாவது கம்பெனியின் சிப் போட்ட புதுப் போர்டு, அவளுடைய டப்பாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் புதிதாக ஒரு தாள்: "மூடிய பெட்டி வெப்பச் சோதனை. உருவாக்கியவர்கள்: நாகேஷ், ரக்ஷிதா." பக்கத்தில் டப்பாவின் ஃபோட்டோ. மூடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எம்பேரு எங்கம்மா?"

ரக்ஷிதாவின் முகம் செத்துப்போனது. "ஃபோட்டோ எடுக்கணும்னு சார் சொன்னாரு அக்கா. அதான் துடைச்சிட்டேன். சாரி."

"சாரியா! கட்டிக்கிறதுக்கா?" என்றாள் ஹெலன். போர்டை வெளியே எடுத்து வைத்து, ஒயரை உருவிப் போட்டு, டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி முனிகிருஷ்ணன் பையைத் திறந்து பார்த்தார். ஒன்பது வருஷமாகக் காலையும் மாலையும் இதே டப்பாவைப் பார்த்து, "இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று கேட்டவர். டப்பாவைத் திருப்பினார். அடியில் கம்பெனிச் சொத்து என்று நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இதுக்கு கேட் பாஸ் வேணுமே அக்கா. நாகேஷ் சார் கையெழுத்து."

"என் சோத்து டப்பாண்ணா அது!"

"எனக்குத் தெரியாதா அக்கா? கேமரா பாத்துக்கினு இருக்குது. என் வேலை பூடும்." அவர் கழுத்திலும் மஞ்சள் கயிறுதான்.

ஹெலன் அதைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்துக் கயிற்றைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி, அவர் மேஜைமேல் வைத்தாள்.

"உள்ள குடுத்துடுங்கண்ணா. யாரும் கொழம்பு ஊத்திடப் போறாங்க, ஓட்டை இருக்குதுன்னு சொல்லுங்க."

ஆனேக்கல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் வெறும் பையை வைத்துக்கொண்டு, ஊர் வந்து சேரும்வரை வாய்விட்டு அழுதாள்.