பெட்டியில்லாமல் வந்த கிராபிக்ஸ் கார்டு

நாற்பத்தேழு வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வருகிறது, எனக்குக் கம்ப்யூட்டர் கேம் ஆசை வந்தது. மாத்திரையில் அடங்குகிற வியாதியாக வந்திருந்தால் வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

காரணம் ஒரு வீடியோ. யாரோ ஒருவன் பனி மூடிய மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டு போகிறான். நிஜ லாரி இல்லை, கேம். கண்ணாடியில் பனி விழுகிறது, வைப்பர் துடைக்கிறது, மறுபடி விழுகிறது. கீழக்கரை வெயிலில், என் ஜெராக்ஸ் கடை மெஷின் சூட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் அப்படியே விழுந்துவிட்டேன். கேபினட் வந்தது, மதர்போர்டு வந்தது, பவர் சப்ளை வந்தது. எல்லாவற்றையும் நானே திருகி மாட்டினேன். திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. வராது. படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டைத்தான் இன்னும் வாங்கவில்லையே.

ஏன் வாங்கவில்லை என்றால், மச்சினன் துபாயிலிருந்து லீவில் வருவதாக இருந்தான். எங்கள் ஊரில் சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டிலிருந்து, ஆள் வருகிற மாதத்தில் யாரும் கடைக்குப் போய் எலக்ட்ரானிக் சாமான் வாங்க மாட்டார்கள். வாங்கினால் வருகிறவனுக்கு மரியாதைக் குறைவு. அதிலும் நான் குடியிருப்பது மாமியார் வீட்டில். போன் போட்டேன்.

"மாப்ளே, ஒரு கார்டு வேணும்."

"என்ன கார்டு மச்சான், சிம் கார்டா?"

"கிராபிக்ஸ் கார்டுடா. மாடல் அனுப்புறேன். எட்டு ஜிபி."

"சரி மச்சான்."

அதோடு நான் போனைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வாங்கச் சொல்லிவிட்டு, வாங்கலாமா என்று சொல்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதே பேரில், அதே முகத்தோடு, அந்தக் கார்டு இரண்டு விதமாக இருக்கிறதாம். ஒன்று எட்டு ஜிபி மெமரி, இன்னொன்று பதினாறு. தாடி வைத்த ஒருவன், எட்டை வாங்கினால் இரண்டே வருஷத்தில் அழுவீர்கள் என்று விரலை ஆட்டினான். தாடி இல்லாதவன், பதினாறு வாங்குவது ஒத்தை ஆள் மதுரைக்குப் போக முழு பஸ்ஸை வாடகைக்குப் பிடிக்கிற மாதிரி என்றான். மூன்றாவது ஆள் ஒரு மணி நேரம் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டிவிட்டு, "இது உங்க தேவையைப் பொறுத்தது" என்று முடித்தான். என் தேவை எனக்குத் தெரிந்திருந்தால் உன் மூஞ்சியை ஏன் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

"மாப்ளே, பதினாறே வாங்கிரு."

"சரி மச்சான்."

"மாப்ளே, யோசிச்சுப் பாத்தேன். நம்ம ஸ்கிரீனுக்கு எட்டு போதும்."

"சரி மச்சான்."

"மாப்ளே, வாங்கிட்டியா? வாங்கலைன்னா பதினாறு. வாங்கிட்டேன்னா மாத்திக் குடுப்பானான்னு கேளு."

"சரி மச்சான்."

பதினோரு நாள். டைப் அடிக்கப் பொறுமையில்லாமல் எல்லாம் வாய்ஸ் மெசேஜ். கடையில் ஆதார் எட்டு காப்பி கேட்டவருக்குப் பதினாறு எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் முறைத்ததும் நான் பதிலுக்கு முறைத்தேன். மச்சினன் மட்டும் எதற்கும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் 'சரி மச்சான்' வந்துவிடும். எவ்வளவு பொறுமைசாலி, நம் பிள்ளைகளும் இப்படி இருக்க வேண்டும் என்று துஆ கூடச் செய்தேன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அடுத்த பீதி. கார்டு வருகிற பெட்டி தலையணை அளவு இருக்குமாம். பிளேனில் விடுகிற முப்பது கிலோவில் மாமிக்குப் பால்மாவு டின், என் பெண்சாதிக்கு ஒரு பட்டியல், கொழுந்தியாள் வீட்டுக்குக் கம்பளி. என் தலையணைக்கு எங்கே இடம்? போதாததற்குக் கடைக்கு வந்த ஒரு பழைய சவூதி ஆசாமி, "புதுப் பொட்டியோட வந்தா ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் ஓரமா கூப்புட்டு உக்கார வச்சிருவான் பாய்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

"மாப்ளே, பொட்டியத் தூக்கிப் போட்டுரு. உள்ள இருக்க குப்பை கூளம், பில்லு, எதுவும் வேணாம். கார்டு மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கரையும் உரிச்சிரு. பாத்தா பழசு மாதிரி இருக்கணும். வெறும் கார்டு மட்டும் வந்தாப் போதும்."

"சரி மச்சான்."

வெறும் கார்டு மட்டும்தான் வந்தது. ஹாலில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, மச்சினன் சூட்கேஸைத் திறந்து, கம்பளி மடிப்புக்குள் கையைவிட்டு எடுத்து நீட்டினான். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினேன். கறுப்பு நிறம், இரண்டு விசிறி. திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பிசின்தான் இருந்தது. எட்டு என்றோ பதினாறு என்றோ ஓர் எழுத்து இல்லை.

"மாப்ளே, இது எட்டா, பதினாறா?"

"நீங்க கேட்டதுதான் மச்சான்."

"எப்பக் கேட்டது?"

"நீங்கதான கேட்டீங்க."

"நான் ரெண்டையும்தான்டா கேட்டேன்!"

அவன் சாக்லேட் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுக்கப் போய்விட்டான். மாமி என்னைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்கள்.

"உம் மாப்புளைக்கு என்ன? சாமான் ஒடஞ்சு போச்சா?"

"ஒடையலம்மா. என்ன சாமான் வந்துருக்குன்னு தெரியலையாம்."

"கேட்டவருக்கே தெரியலையா?"

மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மாட்டினேன். கார்டுக்குக் கரண்டு போகிற வாய் ஒரு தினுசாக இருந்தது, என் பவர் சப்ளை வயரின் மூக்கு வேறு தினுசாக இருந்தது. இரண்டையும் சேர்க்க ஒரு சாண் இணைப்பு வயரைக் கம்பெனிக்காரனே பெட்டிக்குள் போட்டு அனுப்புகிறான். உள்ளே இருக்க குப்பை கூளம் என்று நான் சொன்னது அதைத்தான். அது துபாயில் குப்பை வண்டி ஏறி எத்தனையோ நாளாகிவிட்டது.

வயருக்கு ஆர்டர் போட்டுவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். அந்த நாலு நாளில் நான் செய்ததை வெளியே சொல்லக்கூடாது, சொல்கிறேன். பதினாறு கொஞ்சம் கனமாக இருக்குமோ என்று கார்டைத் துண்டில் சுற்றி மளிகைக் கடைத் தராசுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாய், பருப்பா?" என்றார். நிறுத்தும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் எட்டுக்கும் பதினாறுக்கும் ஒரே எடை போட்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் வயர் வந்தது. கடையைத் திறக்கவில்லை. பிஸ்மி சொல்லி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். கார்டின் விசிறி சுற்றவில்லை. கம்பளிக்குள் கிடந்து செத்துவிட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது திரை பளிச்சென்று வந்தது. சூடானால்தான் அந்த விசிறி சுற்றுமாம், அதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கெங்கோ போய்த் தேடி, கார்டின் விவரம் காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன்.

எட்டு.

மச்சினன் பக்கத்து அறையில் இடியாப்பம் தின்றுகொண்டிருந்தான். போய் நின்றேன்.

"எட்டு வாங்கியிருக்க. கடைசியா நான் பதினாறுதானடா சொன்னேன்!"

"மொத நாளு எட்டுன்னுதான சொன்னீங்க மச்சான். மறுநாளே எனக்கு டூட்டி இல்ல, போய் வாங்கி வச்சிட்டேன்."

"மறுநாளேவா? அப்ப பத்து நாளா சரி சரின்னியே, அது என்ன?"

இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் முக்கினான். "வாங்கிட்டேன்னு சொன்னா மெசேஜ் அனுப்புறத நிப்பாட்டிருவீங்க. ரூம்ல ஆறு பேரும் சாப்புட உக்காந்தா ஒங்க வாய்ஸத்தான் போட்டுக் கேப்போம். மூணு பேரு எட்டு கட்சி, மூணு பேரு பதினாறு கட்சி. குப்பைல போடச் சொன்னீங்க பாருங்க, அதை மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டானுங்க."

திரும்பி வந்து லாரியைக் கிளப்பினேன். பனி விழுந்தது. எட்டு ஜிபியில் ஒரு குறையும் இல்லாமல் விழுந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். முதல் வளைவிலேயே லாரியைப் பாறையில் கொண்டுபோய் மோதினேன்.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றான். "பதினாறா இருந்தா திரும்பியிருக்குமோ மச்சான்?" என்று கேட்டுவிட்டு, போனை என் வாய்க்கு நேராக நீட்டினான். "பதினாறு கட்சிக்காரனுங்க நம்ப மாட்டேங்குறானுங்க. எப்புடி ஓடுதுன்னு ஒரு வாய்ஸ் போடுங்க."

முடியாது என்று முறைத்தேன். முறைத்துக்கொண்டே போனை வாங்கி, நாலரை நிமிஷம் பேசினேன்.