படத்துக்காக விட்ட இலைகள்

மரம் நடும் விழாவன்று பாடசாலை அதிபர் இருந்தார், பிரதம அதிதி இருந்தார், கன்றுகளை அன்பளிப்புச் செய்தவர்கள் கமராவோடு இருந்தார்கள். விஞ்ஞான டீச்சர் இல்லை. சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பே அவர்தான். ஆனால் காலையில் அதிபரை எதிர்த்துக் கதைத்தார் என்று, "நீங்க வகுப்பைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் அங்கே புதிய ஆசிரியன். எங்கள் குடும்பத்தில் படித்து வந்த முதல் ஆள் என்பதால் அதிபரின் வாய்ச்சொல் எனக்குச் சட்டம் மாதிரி. காலையில் அந்தப் பேச்சு என் முன்னால்தான் நடந்தது. ஆளுயர வேப்பங்கன்றுகள். தோண்டியபோதே பாதி வேர் அறுந்து, கற்பிட்டி வெயிலில் லொறியில் வந்து இறங்கியிருந்தன. முக்கால்வாசி இலையைக் கழித்துவிட்டுத்தான் நட வேண்டும் என்றார் டீச்சர்.

"இலையால தண்ணி காத்துக்குப் போய்க்கிட்டே இருக்கும் சேர். அவ்வளவையும் இழுத்துக் குடுக்க வேர் எங்க?"

அதிபர் சிரித்தார். "பொண்ண மொட்டையடிச்சா கலியாணத்துக்குக் கூட்டிட்டு வாற, டீச்சர்?"

"மாப்பிள படம் எடுத்திட்டுப் போயிருவாரு. பொண்ணு எங்கட கையிலதான் மௌத்தாகும்."

இலையோடேயே நட்டோம், சாவும் அப்படியேதான் வந்தது. கழகத்துப் பிள்ளைகள் காலையும் மாலையும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்கள். அடியில் மண் சொதசொதவென்று ஈரம். மேலே இலை சுருண்டு தொங்கியது. நட்ட இருபதும் கருகின. வரிசையில் இடமில்லாமல் மிஞ்சிய ஒரு கன்றை டீச்சர் இலை கழித்துச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நட்டிருந்தார். அது மட்டும் துளிர்த்தது. காட்டினோம். "அது நல்ல சாதிக் கன்று" என்றார் அதிபர். இலை வழியே நீர் ஆவியாகிப் போகும் இந்த ஆவியுயிர்ப்பு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதினால் புள்ளி. முற்றத்தில் சொன்னால் திமிரா? இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்பளிப்புச் செய்தவர்கள் மரம் வளர்ந்ததைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்ததும் கூட்டம் கூடியது. பிள்ளைகள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை, புதுக் கன்றுக்கான காசை அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பிள்ளைகளின் வாப்பாமாரில் பலர் கடலுக்குப் போகிறவர்கள். காற்றுக் காலமென்று வள்ளங்கள் கரையில் கிடந்தன.

டீச்சர் எழும்பினார். "தோள்பட்ட காய்ச்சுப் போற அளவுக்குத் தண்ணி சுமந்த புள்ளையள் இதுகள். இதுகள்ட வாப்பாமார்ட்ட போய்க் காசு கேக்க எனக்கு வெக்கமா இருக்கு. நானே தாறன்."

ஒருவராவது வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். அதிபர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். அந்த விழாவின் படம் இன்றும் அவருடைய கதிரைக்கு மேலே தொங்குகிறது, அத்தனை இலையும் பச்சையாக. டீச்சர் தன் சம்பளத்திலிருந்து கட்டியது, இருபது கன்றுக்கும் சேர்த்துப் பதினேழாயிரம் ரூபாய்.