வீட்டிலேயே போட்டு வந்த கையெழுத்து

போன ஜூலையில் ஒரு நாள், மதுரை கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் நோட்டரி வக்கீலின் சின்ன அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வக்கீல், டைப் அடிக்கும் அம்மா, பரவை மார்க்கெட்டில் எடுத்த கடையின் வாடகைப் பத்திரத்தோடு காத்திருந்த பரவைக்காரர் ஒருவர், என் மகள், நான்.

பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்த மகளுக்கு ஒத்தக்கடைப் பக்கம் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அந்த ஒரு வருடம் அவள் வேறெங்கும் படிக்கவில்லை என்று நான் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குள் தராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் ஏழாவதோடு நின்றவன். யாராவது பார்க்க எழுதினால் கை நடுங்கும். அதனால் முதல் நாளே பத்திரத்தை டைப் அடித்து வாங்கி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனேன். எனக்கே பெருமையாக இருந்தது.

வக்கீல் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுல சீல் வைக்க முடியாதுண்ணே. என் கண்ணு முன்னால போட்டாத்தான் நான் சாட்சி."

கூடக் காசு எதிர்பார்க்கிறார் போல என்று நினைத்து, கட்டணம் நூறோடு ஐம்பதைச் சேர்த்து நீட்டினேன்.

"கூடக் குடுத்தா, நேத்து உங்க வீட்டுல நான் நின்னதா ஆயிருமா? புதுத் தாள்ல அடிச்சு எடுத்துட்டு வாங்க."

புது முத்திரைத்தாள் இருநூறு ரூபாய். அவ்வளவு என்னிடம் இல்லை. மகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பரவைக்காரர் சட்டைப்பையில் கையை விட்டார். "இதுக்கா இம்புட்டு வேர்க்குது மாப்ள? இந்தா, தாள் வாங்கிட்டு வா. எனக்கு முன்னாடி நீ முடிச்சுக்க. என் கடை எங்கயும் ஓடிப் போயிராது."

ஓடிப்போய் வாங்கி வந்தேன். டைப் அடிக்கும் அம்மா காசு வாங்காமலே அடித்துக் கொடுத்தார். வக்கீல் முன்னால் பேனாவைப் பிடித்ததும் கை ஆடியது.

"கோணலா வருதுங்க சார்."

"நடுங்குனாலும் உங்க கைதான? எனக்கு அதுதான் வேணும்" என்று சொல்லிச் சீல் குத்தினார்.

நாலே முக்காலுக்குப் பத்திரம் காலேஜில் இருந்தது. பரவைக்காரரின் பேரைக்கூடக் கேட்கவில்லை என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

இப்போது பரவை மார்க்கெட் பக்கம் போனால் கடை கடையாக முகம் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நிற்க எனக்கு இருந்த பயத்தைப் பாதியாகக் குறைத்தவர் அவர். அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது இருநூறு ரூபாய்.