புலிப்பலகை எரிந்த போகி

எங்கள் வீட்டில் யாருக்குமே பிடிக்காத பொருள் ஒன்று இருந்தது. அதற்குத்தான் வீட்டிலேயே நல்ல இடம். கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், தனி ஆணியில் அது தொங்கும். ஆடுபுலி ஆட்டம் ஆடுகிற பலாப் பலகை. முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக உளியால் ஆழமாகச் செதுக்கியிருக்கும். ஆடும்போது மூன்று புலிகளுக்குக் கொட்டைப்பாக்கும் ஆடுகளுக்குப் புளியங்கொட்டையும் அடுப்படியிலிருந்து வரும். ஆட்டம் முடிந்ததும் திரும்பிப் போய்விடும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அந்தப் பலகை ஆணியை விட்டு இறங்கும். அது மாமா பொங்கல் சீர் கொண்டுவரும் நாள்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன், வானகரத்துக்காரர். நாங்கள் மேனாம்பேட்டில் இருந்தோம். வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஊரே அல்லாடியது. ஆனாலும் மாமாவின் சீர் ஒரு வருஷமும் குறைந்ததில்லை. வண்டி நிறைய கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணி, புத்தரிசி, வெல்லம் எல்லாம் வரும். வராத ஒன்று பேச்சு மட்டும்தான். மாமாவும் என் அப்பாவான நைனாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

அதற்குக் காரணம் என் காது. சின்னக் குழந்தையாக இருந்தபோது எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அது அவருடைய உரிமை. அன்றைக்கென்று பார்த்து மாமாவின் வண்டிமாடு அயனம்பாக்கம் ஏரித் தண்ணீரைக் கண்டதும் உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டதாம். இழுத்தாலும் வராது, அடித்தாலும் வராது. இங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "மாடு எழுந்திருக்கிற வரைக்கும் நேரம் நிக்குமா?" என்று சொல்லிவிட்டு, நைனா என்னைப் பெரியப்பா மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார். இடுப்பளவு சேற்றோடு மாமா வந்து சேர்ந்தபோது நான் வீங்கிய காதோடு அழுதுகொண்டிருந்தேனாம். கொண்டுவந்த கம்மலை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாமா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். 

அதற்காகச் சீரை நிறுத்த முடியுமா? தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சீர் நின்றால் ஊர் என்ன சொல்லும்? அதனால் வருவார். வந்தவர் சாப்பிடாமல் போனால் அம்மா அழுவாள். அதனால் இருப்பார். சாப்பாடு தயாராகும் வரை இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதற்காக வந்ததுதான் அந்தப் பலகை. முதல் வருஷமே நைனா தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்துவிட்டார். ஆடுபுலியில் பேச்சுக்கு வேலையே இல்லை. புலி ஆட்டை எடுக்கும், ஆடுகள் புலியை மடக்கும், மடங்கியவர் பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான் சத்தம்.

தவிர்க்க முடியாத பேச்சுக்கு நான் இருந்தேன்.

"பாப்பா, உங்க மாமனுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார் நைனா. மாமா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்.

"வேணும்னு சொல்லு. உப்பு கம்மியா போடச் சொல்லு" என்பார் மாமா, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, ஒரு சொல் சிந்தாமல் ஒப்பிப்பேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் எது? என் அண்ணனுக்கு அதில் ஏகப்பட்ட பொறாமை. சில சமயம் என் சரக்கையும் சேர்த்துவிடுவேன். "பாப்பாவுக்கு ஒரு அச்சு வெல்லம் தரணுமாம், மாமா சொல்றாரு" என்று நைனாவிடம் சொன்னால், மாமா மறுத்துப் பேச முடியாது. பேசினால் நேரில் பேசியதாகிவிடும்.

ஒருமுறை நைனாவிடம் கேட்டேன். "நைனா, உனக்கு ஆடுபுலி பிடிக்குமா?"

"அந்த இழவு ஆட்டம் யாருக்குப் பிடிக்கும்?"

"அப்ப ஏன் மாட்டி வச்சிகினு கீற?"

"உங்க மாமன் வருவாரில்ல. அவரு ஆடுவாரு."

மாமாவிடமும் கேட்டேன். "எனக்கெங்க பிடிக்குது, கண்ணு? உங்க நைனா ஆசையா எடுத்து வைக்கிறாரேன்னு ஆடறேன்" என்றார். பெரியவர்களுக்குப் புத்தி மட்டு என்று முடிவு கட்டினேன். இரண்டு பேருக்கும் உண்மையில் உயிர் தாயம்தான். அந்தக் காலத்தில் அவர்கள் தாயம் ஆட உட்கார்ந்தால் போடுகிற கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும் என்று அம்மா சொல்வாள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் அம்மாவின் பெட்டி அடியில் புடவைகளுக்குக் கீழே கிடந்தன. தாயத்தில் விழுந்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இல்லை என்று எதிராளி சண்டை போட வேண்டும். பேசாமல் தாயம் ஆடுவது வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவது போலத்தான்.

அந்த வருஷம் வீட்டில் புதிதாகத் தம்பி இருந்தான். தையில் அவனுக்குக் காது குத்த வேண்டும். யார் மடியில் என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நைனாவே தன் வாயால் அழைக்க வேண்டும். அதற்கு என்னைப் போன்ற தூது செல்லாது. "இந்தப் புள்ளையும் மாமன் மடி இல்லாமத்தான் காது குத்திக்கணுமா?" என்று அம்மா தம்பியைத் தூளியில் ஆட்டும்போது சொல்வாள். நைனாவின் காதில் விழும்படிதான் சொல்வாள். நைனா உடனே மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

போகிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் இருந்தவை எல்லாம் கீழே இறங்கின. அம்மா பாத்திரங்களை முற்றத்தில் கொட்டிப் புளி போட்டுத் தேய்த்தாள், நானும் கூட உட்கார்ந்தேன். குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் ஆனபின் பெட்டியிலிருந்து தாயக்கட்டைகளையும் கொண்டுவந்து என் முன் போட்டாள். பச்சை பூத்துக் கிடந்தன. "நல்லா தேய், புள்ளி தெரியணும்" என்றாள். வீட்டில் இருக்கும் பித்தளை எல்லாம் பொங்கலுக்குப் பளபளக்க வேண்டும் போலிருக்கிறது என்று நானும் விரல் சிவக்கத் தேய்த்தேன்.

மறுநாள் போகி. விடிவதற்குள் தெருவில் நெருப்பு மூட்டியாயிற்று. நானும் மற்ற பிள்ளைகளும் போகி மேளத்தை ஆளுக்கொரு பக்கம் அடித்துக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் உள்ளேயிருந்து பழைய துடைப்பம், முறம், கிழிந்த கூடை என்று கொண்டுவந்து போட்டான். அம்மா வாசலில் நின்று, சுருட்டிக் கட்டிய ஒரு பழம்பாயை அவன் கையில் கொடுத்தாள். அவன் வீரன் மாதிரி தலைக்கு மேல் தூக்கி வீசினான். பாய் குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. கோரை எரிந்து விலகியதும் உள்ளே புலிப்பலகை. செதுக்கிய கோடுகளில் நெருப்பு ஓடியது. அதைவிட அழகாக அந்தப் பலகை என்றைக்கும் இருந்ததில்லை.

நைனா கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் பாதி கரி. "ஐயய்யோ, வெள்ளையடிக்கறப்போ பத்திரமா பாயில சுத்தி வச்சேனே, மறந்தே போயிட்டேனே" என்றாள் அம்மா. திட்டு என்னவோ அண்ணனுக்குத்தான் விழுந்தது. பாயைத் தூக்கியபோது கனம் தெரியவில்லையா என்று நைனா கத்தினார்.

பொழுது ஏற ஏற நைனாவுக்கு நிலைகொள்ளவில்லை. மாமா வந்துவிடுவார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துத் தரையில் கோடு போடக் குனிந்தார்.

"சாணி போட்டு மெழுகி, கோலம் போட்டுகீறேன். நாளும் கிழமையுமா கரிக்கோடு போடுவியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள். நைனா கரியைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

கூடத்தின் நடுவில் உண்மையிலேயே பெரிய கோலம் இருந்தது. பச்சரிசி மாவில் கட்டம் கட்டமாக, சுற்றிலும் செம்மண் பூசி. நைனா காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார். ஆண்கள் கோலத்தை மிதிக்காமல் நடப்பார்களே தவிர, அதைப் பார்ப்பதில்லை.

மாமா வந்தார். சீரை இறக்கினார். கூடத்தில் உட்கார்ந்ததும் அவர் கண் நேராக ஆணிக்குப் போனது. வெறும் ஆணி. நைனாவும் ஆணியைப் பார்த்தார். பிறகு மாமா உத்தரத்தைப் பார்த்தார், நைனா வாசலைப் பார்த்தார். மோருக்கும் தண்ணீருக்கும் நான் தூது போய் வந்தேன். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அடுப்படியில் அம்மா வேண்டுமென்றே சோற்றை வடிக்காமல் இருக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து அம்மா வந்தாள். கோலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தடுக்கை விரித்தாள். அதன்மேல் தாயக்கட்டைகளை வைத்தாள். மாமா கொண்டுவந்த மஞ்சளைக் கிள்ளி ஆறு துண்டு அவர் முன்னும், கரும்பை நறுக்கி ஆறு துண்டு நைனா முன்னும் வைத்தாள். வைத்த கையோடு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் எங்கள் மூவருக்கும் கோலம் கண்ணில் பட்டது. அது தாயக்கட்டம். காய் வெட்டுப்படாத மலைக் கட்டங்களுக்குப் பெருக்கல் குறிகூடச் சுத்தமாகப் போட்டிருந்தாள்.

மாமா கட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். நைனா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

முதலில் எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. "அஞ்சுன்னு சொல்லு." "நாலுதான்னு சொல்லு." "கண்ணைத் தொறந்து பாக்கச் சொல்லு." திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து வலித்தது. ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க, நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வந்துவிடும். நடுவில் மாமா நைனாவின் காய் ஒன்றை வெட்டி ஓரமாக வைத்தார். கரும்புத்துண்டு. அது என் பக்கத்திலேயே கிடந்தது. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயம் நைனா உருட்டினார். தாயம். "சொல்லு பாப்பா" என்றார். என் வாய் நிறையக் கரும்பு. நான் கையைக் காட்டினேன். மாமா தன் முறை என்று நினைத்துக் கட்டைக்குக் கை நீட்டினார்.

"மச்சான், கட்டையைத் தொடாத. தாயம் விழுந்துகீது, எனக்கு இன்னொரு ஆட்டம் கீது" என்றார் நைனா.

"எங்க தாயம்? கட்டை தடுக்குல சாஞ்சிகினு நிக்குது. மூஞ்சிய கழுவிகினு வந்து பாரு, மாப்ளே" என்றார் மாமா.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நைனாவும் சிரித்தார். பிறகு ஒரே கூச்சல். சாய்ந்த கட்டை செல்லுமா செல்லாதா என்று தொடங்கி, நான் விழுங்கிவிட்ட காயை எப்படித் திரும்ப இறக்குவது என்பது வரை சண்டை. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்து, நின்று ரசித்தார்கள்.

"நேரம் பாக்கிறவனாச்சே நீ, மாட்டுக்கே நேரம் சொல்றவன்" என்றார் மாமா, ஆட்டத்தின் நடுவில், வேடிக்கைபோல.

நைனா கட்டையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நின்னிருக்கணும், மச்சான். தப்புதான். தம்பிக்குத் தையில காது குத்தறோம். தாம்பூலத்தோட ஊட்டுக்கு வந்து சொல்றேன். மடி உன்னுதுதான்."

மாமா தன் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டத்தில் நேராக நகர்த்தி வைத்தார். "அந்த மாட்டை அப்பவே வித்துட்டேன். இப்ப கீற மாடு தண்ணியைக் கண்டா ஓடும்" என்றார். "உருட்டு."

எல்லோருக்கும் நல்ல நாள்தான். எனக்கு மட்டும் போதாத காலம். சாப்பிடும்போது "மோர் ஊத்து மாப்ளே", "உப்பு கம்மியா கீதா மச்சான்" என்று நேருக்கு நேர் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரே நாளில் உத்தியோகம் போய்விட்டது. எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அம்மா தாயக்கட்டைகளை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, வாயில் சிரிப்பு. புகை என்று நினைத்தேன்.

"இனிமே என்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்ல மாட்டாங்க" என்று அழுதேன்.

அவள் என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "போனா போவுது. கட்டையை எவ்ளோ நல்லா தேய்ச்ச நீ. புள்ளியெல்லாம் பளிச்சுனு தெரிஞ்சிது" என்றாள்.

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த எதையோ புகழ்கிறாள் என்றுதான் எண்ணினேன். புகழ்ச்சியில் மயங்கி அழுகையையும் நிறுத்திவிட்டேன். பலகை எரிந்தது அன்று காலையில், கட்டையைத் தேய்த்ததோ அதற்கு முந்தின நாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.